பொறுப்பு கைமாறாத குழுக்கள்

தமிழகக் கிராமத்துப் பெண்கள் பொதுவேலைக்கு வந்த கதையை மகளிர் சுயஉதவிக் குழுக்களைத் தவிர்த்துவிட்டுச் சொல்ல முடியாது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய முயற்சி, 1997-98இல் ‘மகளிர் திட்டம்’ என்ற பெயரில் மாநிலம் முழுவதற்கும் விரியத் தொடங்கியது. இடையில், 1992இல், குழுக்களை வங்கிக் கடனோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை வேளாண், ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு கொண்டுவந்தது. அடமானம் வைக்க எதுவும் இல்லாதவர்களுக்கும் கடன் கிடைத்தது. அதில் சர்ச்சை இல்லை. கூடவே பெண்களிடம் தலைமைப் பண்பு வளர்ந்தது என்று சொல்லப்படுகிறதே, அதைத்தான் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வளர்ந்தது உண்மை. ஒரு குழுவில் 12 முதல் 20 பேர். கூட்டம் கூடியதும் வருகை எடுத்து, சந்தா வசூலித்து, யாருக்கு உள்கடன் என்று பேசி முடிவெடுத்து, அதைத் தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். இந்தச் சின்னச் சடங்குக்குள் நிறையப் பாடம் இருக்கிறது. மகளின் காலேஜ் ஃபீஸுக்குக் கேட்பவருக்கு முதலில் கொடுப்பதா, மாடு வாங்கக் கேட்பவருக்குக் கொடுப்பதா என்று பத்துப் பேர் முன்னிலையில் காரணம் சொல்லிப் பேசிப் பழகியவருக்குக் கிராம சபையில் எழுந்து நிற்பது பெரிய காரியமாகத் தெரியாது. குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் மனு எழுதியவர்கள், டாஸ்மாக் கடையை மூடச் சொல்லி மறியலில் உட்கார்ந்தவர்கள் என்று பார்த்தால், பலர் இந்தக் கூட்டங்களில் பேச்சுப் பழகியவர்கள். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு தரும் சட்டம் 2016இல் வந்தபோது, தேர்தலில் நிற்கத் துணிந்தவர்களிலும் குழுப் பெண்கள் உண்டு.

சிக்கல் அடுத்த கட்டத்தில்தான். ஊக்குநர் (அனிமேட்டர்), பிரதிநிதிகள் ஆகிய பொறுப்புகள் சுழற்சி முறையில் மாற வேண்டும் என்பதே ஏற்பாடு. நடப்பில், ‘அனிமேட்டர்’ என்றால் பல குழுக்களில் வருடக்கணக்காக ஒரே ஆள்தான். இதற்குப் பதவி ஆசையை மட்டும் காரணம் சொல்ல முடியாது. பொறுப்பாளர் மாறினால் புதிதாகத் தீர்மானம் போட்டு, வங்கியில் மாதிரிக் கையெழுத்தை மாற்ற வேண்டும். அதற்கு அலைகிற நாளில் கூலி போய்விடும். பேரேடு எழுதத் தெரிந்தவரை விட்டுவிட மற்றவர்களுக்கும் பயம். பயிற்சி என்றாலும் அதிகாரிகள் தெரிந்த முகத்தைத்தான் கூப்பிடுகிறார்கள். இப்படியே குழுவில் ஒருவர் மட்டும் வளர்கிறார். மற்றவர்கள் ‘அக்கா பாத்துக்குவாங்க’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

தொடர்புகளும் மேல்நோக்கியே ஓடுகின்றன. வங்கி மேலாளரையும் வட்டார அலுவலரையும் தெரிந்து வைத்திருக்கும் பொறுப்பாளருக்கு, அதே ஊராட்சியின் இன்னொரு குழு தன் பொருளை எந்தச் சந்தையில் விற்கிறது என்று தெரியாமல் இருக்கலாம். குழுக்களை ஒன்றோடொன்று இணைக்கத்தான் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு வந்தது. ஆனால் அதன் கூட்டங்களில் கடன் இலக்கும் திட்ட அறிவிப்பும் பேசி முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. மேலிருந்து கேட்டால் விழாவுக்கு ஆள் திரட்டித் தரும் வசதியான அமைப்பாகவும் குழு மாறிவிடுகிறது.

கடனுக்குக் குழுவே ஏற்கும் கூட்டுப் பொறுப்புக்கும் இரண்டு முகம் உண்டு. தவணை கட்ட முடியாத வீட்டுக்குத் துணை நிற்கும் அதே குழு, வங்கி நெருக்கும்போது அந்த வீட்டு வாசலில் போய் நிற்கிறது. நேற்றுவரை தோழியாக இருந்தவர் இன்று வசூல்காரி ஆகிறார். கடன் நிலுவைக்குப் பயந்தே பரம ஏழைகளைச் சேர்க்கத் தயங்கும் குழுக்களும் உண்டு.

இவையெல்லாம் பெண்களின் குறைகள் அல்ல. அமைப்பு முறையின் குறைகள். வேறு விதமாகவும் அமைக்கலாம் என்பதற்குக் கேரளத்தைப் பார்க்கலாம். 1998இல் அந்த மாநிலம் தொடங்கிய பெண்கள் குழுத் திட்டமான குடும்பஸ்ரீ, அயல்கூட்டம், வார்டு, உள்ளாட்சி என மூன்று அடுக்காக அமைந்தது. பொறுப்பாளர்களை உறுப்பினர்களே தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே கட்சிச் சாய்வு பற்றிய குறைகள் எழாமல் இல்லை. ஆனாலும் குறித்த காலத்தில் தேர்தல் என்று வந்துவிட்டால், பதவியில் இருப்பவர் உறுப்பினர்களிடம் திரும்பி வந்து நின்றுதானே ஆக வேண்டும்!

நம் குழுக்களை மதிப்பிடும்போது சேமிப்பு, கடனைத் திருப்பிச் செலுத்துதல், கணக்கு ஆகியவற்றோடு இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டும்: பேரேடு எழுதத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், கடைசியாகப் பொறுப்பு மாறியது எப்போது? வங்கிகளும் கையெழுத்து மாற்றத்தை ஒரே நாளில் முடித்துத் தரலாம். அனிமேட்டர் ஒரு மாதம் ஊரில் இல்லாவிட்டாலும் கூட்டமும் கணக்கும் தடையில்லாமல் நடந்தால், அந்தக் குழு தலைமையை வளர்த்திருக்கிறது என்று நம்பலாம். இல்லையென்றால் அது நன்றாகக் கடன் கட்டும் குழு, அவ்வளவுதான்.