கோட்டைக்குள் ஒரு கேள்வி

காவியத்தைத் திறனாயலாம், நாடகத்தைத் திறனாயலாம், பாடத்திட்டத்தையும் திறனாயலாமா என்று கேட்பார் உளர். திறனாயலாம், தோழர்களே; திறனாய்தல் வேண்டும். காவியம் படிப்போர் சிலர். படியாது வாழ்வோர் பலர். பாடத்திட்டமோ ஒரு தலைமுறையின் மூளையிலே கேளாமலே குடியேறும் ஏடு. எதை எண்ணலாம், எதை எண்ணவே கூடாது என்று இளைஞனுக்குச் சொல்லாமற் சொல்லும் ஏடு. அத்தகைய ஏடொன்றைக் கையிலெடுத்திருக்கிறோம்.

வேல்ஸ் நாட்டின் தென்கரையிலே, கடலலை வந்து மோதும் பாறைக்கு மேலே, செயின்ட் டோனட்ஸ் என்றொரு கோட்டை நிற்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே எழுந்த கோட்டை. பிரபுக்கள் ஆண்டனர், பின்னர் 1925-இல் அமெரிக்கப் பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட் அதை விலைக்கு வாங்கி விருந்து மாளிகையாக்கினார். அதே கோட்டைக்குள் 1962-இல் 56 மாணவர்கள் புத்தகமும் கையுமாக நுழைந்தனர். அட்லாண்டிக் கல்லூரி பிறந்தது. பெயர்தான் கல்லூரி, உண்மையிலே அது உயர்நிலைப் பள்ளி. பதினாறு வயதுக்கு மேற்பட்டோருக்கு இரண்டாண்டுப் படிப்பு. மாணவியருக்கு 1967-இல்தான் கதவு திறந்தது. ஐந்தாண்டுக் காலம் உலக ஒற்றுமை ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது போலும்! இன்றும் சிறிய பள்ளிதான். ஏறத்தாழ 350 பேர். ஆனால் அவர்கள் புறப்பட்டு வந்த நாடுகளோ எண்பதுக்கு மேல்.

இதற்கு வித்திட்டவர் குர்ட் ஹான் என்னும் ஜெர்மானியர்; யூதக் குடியிலே பிறந்தவர். ஹிட்லரை எதிர்த்து வாய் திறந்ததற்காக 1933-இல் சிறை கண்டவர். பிறகு பிரிட்டனுக்கு வந்து அங்கும் பள்ளி கண்டவர். 1955-இல் நேட்டோவின் பாதுகாப்புக் கல்லூரிக்குச் சென்றார். நேற்றுவரை ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த நாடுகளின் அதிகாரிகள் ஒரே மேசையிலே அமர்ந்திருக்கக் கண்டார். படைத்தலைவர்களால் முடிவது பள்ளிப் பிள்ளைகளால் முடியாதா என்று எண்ணினார். அமைதிக் கல்வியின் கருவைப் படைக் கல்லூரி சுமந்தது. முதல் தலைமையாசிரியராக வந்தவரும் டெஸ்மண்ட் ஹோர் என்ற கடற்படை அட்மிரல்! நகைக்கலாம். ஆனால் அந்த அட்மிரலைக் குறித்துப் பின்னே ஒரு சேதி இருக்கிறது.

பள்ளிக்கு இடம் கிடைத்துவிட்டது; பாடம்? அன்றைய ஆங்கில முறையிலே பதினாறு வயதுப் பிள்ளை மூன்று பாடங்களைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் தலைமுழுகிவிடும். வேதியியல் படிப்பவனுக்குக் கவிதை வேண்டாம். வரலாறு படிப்பவளுக்குக் கணக்கு வேண்டாம். இந்தக் குறுகலை உடைக்க எழுந்ததே இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் எனப்படும் பன்னாட்டுப் பட்டயத் திட்டம். 1968-இல் ஜெனீவாவிலே அதற்கென ஓர் அமைப்பு நிறுவப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த அலெக் பீட்டர்சன் முதல் தலைமை இயக்குநர். அட்லாண்டிக் கல்லூரி 1971-இல் ஆங்கிலத் தேர்வுமுறையைத் தூக்கியெறிந்து, இத்திட்டத்தை முழுமையாக ஏற்றது. கோட்டைக்குள் வளர்ந்த இத்திட்டம் இன்று 150-க்கு மேற்பட்ட நாடுகளில் பரவி நிற்கும் ஓர் அமைப்பின் முதுகெலும்பு. நம் கொடைக்கானல் மலையிலும் 1976 முதல் இதை நடத்தும் பன்னாட்டுப் பள்ளி ஒன்று உண்டு. ஆகவே இது எங்கோ நடக்கும் கதை என்று எண்ணி ஒதுக்கற்க.

ஆறு பாடங்கள். தன்மொழி இலக்கியம், பிறிதொரு மொழி, சமுதாய இயல், அறிவியல், கணிதம், கலை அல்லது அதற்கு ஈடாக வேறொன்று. மூன்றை ஆழமாகவும் மூன்றை அளவாகவும் படிக்கவேண்டும். இவற்றோடு நாலாயிரம் சொற்களில் ஓர் ஆய்வுக் கட்டுரை. படைப்பு, உடற்செயல், தொண்டு என்ற மூன்று வகைப் பணி. அறிவுக் கோட்பாடு என்றொரு வகுப்பு. அந்த வகுப்பே இத்திட்டத்தின் நெஞ்சம்.

முதலிலே இலக்கியத்தைப் பார்ப்போம். இலக்கியத்தை ஆழமாகப் பயிலும் மாணவர் 13 நூல்களைப் படித்தாக வேண்டும். அவற்றுள் குறைந்தது நான்கு வேற்றுமொழியிலிருந்து பெயர்க்கப்பட்டவையாக இருக்கவேண்டும். தன் வீட்டுத் திண்ணை மட்டுமே உலகம் என்றிராதே, அடுத்த தெருவையும் எட்டிப் பார் என்று சட்டமே சொல்கிறது. இதனினும் நம் நெஞ்சைத் தொட்ட விதி ஒன்று உண்டு. ஒரு மாணவரின் தாய்மொழியைக் கற்பிக்கப் பள்ளியிலே ஆசிரியரே இல்லை எனினும், பள்ளியின் துணையோடு அம்மொழி இலக்கியத்தைத் தாமே கற்றுத் தேர்வெழுதலாம். பட்டியலிலே இல்லாத மொழியா? போதிய எழுத்திலக்கியம் உடையதெனின் தனி வேண்டுகோள் விடுக்கலாம். ஒரே ஒரு மாணவிக்காக ஒரு மொழிக்குரிய வினாத்தாள்! "உன் மொழியிலே பேசுவோர் இங்கே இல்லை, ஆகவே உன் மொழியை வாயிலில் விட்டுவிட்டு வா" என்று கூறாத பள்ளியைக் காண்பது அரிது. மனமாரப் போற்றுகிறோம்.

ஆனால் போற்றிய வாயாலேயே கேட்கவேண்டியதும் இருக்கிறது. இலக்கியத்தைத் தாய்மொழியிலே படித்தவர், பௌதிகத்தையும் பொருளாதாரத்தையும் எம்மொழியிலே எழுதவேண்டும்? பெரும்பாலும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் ஆகிய மூன்றனுள் ஒன்றிலே. காதலுக்கும் கண்ணீருக்கும் உன் மொழி. கணக்குக்கும் கருத்துக்கும் எம் மொழி! கடல் கடந்து ஆண்ட பேரரசுகளின் மொழிகளே உலகப் பொதுமொழிகளாக அரியணை ஏறியிருக்கின்றன. நிர்வாக வசதி என்பர். வசதி யாருக்கு வாய்த்தது, வருத்தம் யார் பங்குக்கு வந்தது என்று கேட்பதும் கல்விதானே?

இனி அறிவுக் கோட்பாட்டுக்கு வருவோம். இவ்வகுப்பிலே மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை. கேட்கப்படுவது ஒரே வினா: இது உண்மை என்று உனக்கு எப்படித் தெரியும்? வரலாற்றாசிரியன் சொன்னான், அவனுக்கு எப்படித் தெரியும்? புள்ளிவிவரம் சொல்கிறது, எண்ணியவர் யார்? படத்திலே கண்டேன், படம்பிடித்தவர் எதை விலக்கினார்? பெரியோர் சொன்னார் என்பது சான்றாகுமா? பலர் நம்புகின்றனர் என்பது சான்றாகுமா? நம் நாட்டிலே இப்படிக் கேட்ட பிள்ளை பெஞ்சின் மேல் ஏறி நின்றதுண்டு. அங்கோ இப்படிக் கேளாத பிள்ளைக்குப் பட்டயமில்லை. 1,600 சொற்களில் ஒரு கட்டுரை எழுதவேண்டும். அத்துடன் ஒரு கண்காட்சியும் உண்டு, பெரிதாக எண்ணிவிடாதீர்கள். அன்றாட வாழ்விலிருந்து மூன்று பொருள்களை எடுத்து, பட்டியலிலே தந்துள்ள 35 வினாக்களில் ஒன்றை அப்பொருள்களைக் கொண்டு ஆராய்ந்து காட்டவேண்டும். அவ்வளவே.

இத்தகைய வகுப்பிலே ஒரு தடுமாற்றம் நேர்ந்தது. அறியும் வழிகள் என்று பழைய வழிகாட்டி நான்கைக் கூறியிருந்தது: புலனுணர்வு, மொழி, பகுத்தறிவு, உள்ளவெழுச்சி. 2015 முதல் தேர்வுக்கு வந்த வழிகாட்டி, நான்கை எட்டாக்கிற்று. கற்பனை சேர்ந்தது, நினைவு சேர்ந்தது, உள்ளுணர்வு சேர்ந்தது. வாயிற்காவலன் அயர்ந்த வேளையிலே மத நம்பிக்கையும் உள்ளே வந்து பந்தியிலே அமர்ந்தது! பகுத்தறிவுக்கு ஓர் இலை, பக்கத்திலேயே நம்பிக்கைக்கும் ஓர் இலை, இரண்டும் சரியாசனம்.

"ஆராய்வதற்காகவே சேர்த்தோம், ஏற்பதற்காக அன்று" என்று அதன் ஆதரவாளர்கள் கூறுவர். ஆராய வேண்டாமென்று நாம் கூறவில்லை. நன்றாக ஆராயட்டும். கோடிக்கணக்கானோர் வாழ்வை ஆட்டிப்படைக்கும் ஒன்றை வகுப்பறைக்கு வெளியே நிறுத்தி விடுவதுதான் கோழைமை. ஆனால் ஆராயப்படும் பொருள் வேறு. ஆராயும் கருவி வேறு. காய்ச்சலைப் பற்றி மருத்துவன் படிக்கலாம். காய்ச்சலையே வெப்பமானியாகக் கொள்ளலாகுமோ? புலன் தவறினால் மீண்டும் பார்த்துத் திருத்தலாம். கணக்கு தவறினால் மீண்டும் போட்டுத் திருத்தலாம். நம்பிக்கை தவறினால் எதைக் கொண்டு திருத்துவது? இன்னும் ஆழமாக நம்பியா? திருத்த வழியில்லாத ஒன்றை அறியும் வழி என்று பெயரிட்டழைத்த நாளிலே, அவ்வகுப்பு தன் வினாவையே மறந்தது.

2022 முதல் தேர்வுக்கு வந்துள்ள புதிய வழிகாட்டியில் அந்த எண்மர் பட்டியல் இல்லை. மதம் இப்போது விருப்பக் கருப்பொருள் ஐந்தனுள் ஒன்று. தொழில்நுட்பம், மொழி, அரசியல், பழங்குடிச் சமுதாயங்கள் என்பவற்றோடு அதுவும் நிற்கிறது. நீதிபதியின் நாற்காலியிலிருந்து இறங்கிச் சாட்சிக் கூண்டுக்குச் சென்றிருக்கிறது என்று கொள்ளலாம். கூண்டிலே நிற்பவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். நமக்கு அது போதும்.

இவ்வளவு பெருமையுடைய வகுப்புக்கு மதிப்பெண் எவ்வளவு என்கிறீர்கள்? மொத்தம் 45. ஆறு பாடங்களுக்குத் தலா 7 வீதம் 42. எஞ்சிய 3 மதிப்பெண்ணை ஆய்வுக் கட்டுரையும் அறிவுக் கோட்பாடும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். தொண்டுக்கோ ஒன்றுமில்லை. நெஞ்சம் என்று நாம் சொன்ன இடத்துக்குப் பதினைந்தில் ஒரு பங்குகூட முழுதாக இல்லை! அறிவுக் கோட்பாட்டிலே அடிமட்டம் சென்றால் பட்டயமே கிட்டாது என்ற விதி இருப்பதை மறைக்கவில்லை. எனினும் பிள்ளைகள் கணக்கிலே கெட்டிக்காரர்கள். எங்கே எண் கனக்கிறதோ அங்கேதான் இரவு விளக்கு எரியும்.

2020-ஆம் ஆண்டு நடந்ததை விட்டுவிட்டு இத்திட்டத்தை மதிப்பிட முடியாது. கொள்ளைநோய்க் காலம், மே மாதத் தேர்வுகள் நிறுத்தப்பட்டன. ஜூலை 5-ஆம் நாள் முடிவுகள் வந்தன. தேர்வே எழுதாதவருக்கு மதிப்பெண் எங்கிருந்து வந்தது? மாணவர் முன்பே செய்து முடித்த பாடப்பணி ஒரு பங்கு; ஆசிரியர் முன்கூட்டியே கணித்த மதிப்பெண் ஒரு பங்கு; மூன்றாவதாக, அப்பள்ளியின் முற்கால வரலாறு! அதாவது, சென்ற ஆண்டுகளில் அப்பள்ளியிலே படித்த அண்ணன்மார் பெற்ற மதிப்பெண், இவ்வாண்டுத் தம்பியின் தலையிலே எழுதப்பட்டது. குடியைப் பார்த்துத் தகுதி கூறும் பழக்கம், பள்ளியைப் பார்த்துத் தகுதி கூறும் கணக்காக மறுபிறவி எடுத்தது. மறுபிறவியிலே நமக்கு நம்பிக்கையில்லை. ஆனால் இதைக் கண்டோம்.

பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. பல நாடுகளிலிருந்து குரல் எழுந்தது. தரவுகளைப் பாதுகாக்கும் நார்வே நாட்டு ஆணையம், தனிமனிதரை அவர் படித்த பள்ளியின் பழைய கணக்கைக் கொண்டு மதிப்பிடுவது முறையன்று என்று அறிவிப்பு அனுப்பிற்று. ஆகஸ்டிலே நிறுவனம் இறங்கி வந்தது. பல மாணவரின் மதிப்பெண் உயர்ந்தது, எவருடையதும் குறைக்கப்படவில்லை. தேர்வு நடத்த இயலாத நாளிலே ஏதேனும் ஒரு வழி வேண்டியிருந்தது என்பதை ஒப்புகிறோம். ஆனால் "உனக்கு எப்படித் தெரியும்?" என்று இரண்டாண்டுக் காலம் கற்பித்துவிட்டு, "இவன் இவ்வளவுதான் என்று உமக்கு எப்படித் தெரியும்?" என்று பிள்ளைகள் திருப்பிக் கேட்டபோது திகைத்து நின்றார்களே, அதுவே அப்பாடத்திட்டத்துக்குக் கிடைத்த சிறந்த நற்சான்று. பாடம் பிள்ளைகளுக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

மீண்டும் கோட்டை வாயிலுக்கு வருவோம். உள்ளே நுழைவோர் யார்? நாடுதோறும் தேர்வுக் குழுக்கள் இருக்கின்றன. பாதிக்கு மேற்பட்டோர் முழுமையாகவோ பகுதியாகவோ நிதியுதவி பெறுகின்றனர். ஏதிலியர் முகாமிலிருந்து வந்தோரும் உண்டு. நெதர்லாந்தின் இன்றைய மன்னர் வில்லெம் அலெக்சாண்டர் அங்கே படித்து 1985-இல் வெளிவந்தவர். பெல்ஜியத்தின் எலிசபெத் 2018 முதல் 2020 வரையிலும், ஸ்பெயினின் லியோனோர் 2021 முதல் 2023 வரையிலும் அங்கே பயின்றனர். அரசகுமாரியும் அகதி மகளும் ஒரே விடுதியில் உறங்குகின்றனர் என்று ஏடுகள் உருகி எழுதின. உறங்கட்டும், நன்றே. ஆனால் ஒருத்திக்கு அது உரிமை போல வருகிறது, மற்றொருத்திக்கு ஆயிரத்தில் ஒருத்தியாகத் தேறினால்தான் வருகிறது. லியோனோர் சேர்ந்தபோது வெளியான செய்திப்படி, இரண்டாண்டுச் செலவு 67,000 பவுன்.

அட்மிரலைப் பற்றிய சேதி என்றோமே, அது இது. அடிப்பகுதி கெட்டியாகவும் பக்கங்கள் காற்றடைத்த குழாயாகவும் அமைந்த படகொன்றை டெஸ்மண்ட் ஹோர் தம் மாணவர்களோடு அக்கோட்டையின் பட்டறையிலே உருவாக்கினார். கொந்தளிக்கும் கடலிலே விரைந்து சென்று உயிர் மீட்கும் படகு. அதன் காப்புரிமையை வைத்துப் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். 1973-இல் பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிறுவனத்துக்கு ஒரே ஒரு பவுனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அப்படகின் வழித்தோன்றல்கள் இன்றும் அலை மீது ஓடுகின்றன. மூழ்குவோரிடம் கட்டணம் கேட்பதில்லை.

படகுக்கு ஒரு பவுன், பாடத்துக்கோ அறுபத்தேழாயிரம். இதை எழுதும்போது கோட்டையின் மீது நமக்குச் சினமில்லை. ஆய்வுக்கூடத்துக்கும் விடுதிக்கும் பணம் வேண்டும். ஆனால் அறிவுக் கோட்பாட்டு வகுப்புக்கு என்ன வேண்டும்? வெட்டிரும்பா, மின்பொறியா? ஓர் ஆசிரியர், கேட்க அஞ்சாத இருபது பிள்ளைகள், அன்றைய செய்தித்தாள். அரசுப் பள்ளியிலே வாரம் ஒரு மணி ஒதுக்கினால் போதும். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. நம் மன்றங்களிலும் படிப்பகங்களிலும் மாலை வேளையிலே கூடும் தோழர்கள், அந்தக் கண்காட்சியை அடுத்த கூட்டத்திலேயே நடத்திப் பார்க்கலாம். மந்திரித்த தாயத்து ஒன்று, காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி ஒன்று, தேர்தல் காலத்துத் துண்டறிக்கை ஒன்று. மூன்றையும் மேசைமேல் வையுங்கள். ஒவ்வொன்றும் கூறுவதை நாம் ஏன் நம்புகிறோம், தவறெனின் எப்படிக் கண்டுபிடிப்போம் என்று வயதில் இளைய தோழரை முதலிலே பேசச் சொல்லுங்கள். துண்டறிக்கை நம்முடையதாகவே இருக்கட்டும்.