செம்மொழி மாநாட்டுப் பாடலில் ஒரு தொடரியல் மாற்றம்

2004ஆம் ஆண்டில் நடுவணரசு தமிழைச் செம்மொழியென அறிவித்தது. அதனைக் கொண்டாடும் வகையில் 2010 சூன் 23 முதல் 27 வரை கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றது. அதற்கென அந்நாளைய முதலமைச்சர் மு. கருணாநிதி எழுதி, ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த ‘செம்மொழியான தமிழ்மொழியாம்’ என்னும் பாடல், டி. எம். சௌந்தரராசன் குரலில் தொடங்கிக் கருநாடக இசை, நாட்டுப்புற இசை, சூஃபி இசை, ராப் எனப் பலவற்றையும் தழுவிச் செல்கின்றது.

மேலையிசைக் கலப்பு பழம்பாடலைச் சிதைக்கும் என்பது இத்தகைய முயற்சிகளின்மீது வழக்கமாகக் கூறப்படும் குறை. இப்பாடலுக்கு அது பொருந்தாது. கணியன் பூங்குன்றனாரின் சொற்கள் (புறம். 192) தெளிவாகவே செவிக்கு எட்டுகின்றன, அகவலின் நாற்சீரடி நான்கெண்ணிக்கைத் தாளத்தோடு எளிதில் இயைவதும் இதற்குக் காரணமாகலாம். சிதைவு நேர்ந்தது இசையமைப்பில் அன்று, ஏட்டில்.

பாடலின் தொடக்கம் பெருமை அதிகாரத்துக் குறள் ஒன்றன் (972) முற்பகுதியாகும். பிறப்பு எல்லா உயிர்க்கும் ஒன்றே. சிறப்பு வேறுபடுவது செய்யும் தொழிலால் என்பது குறளின் கருத்து. பிற்பகுதி நீக்கப்பட்டு, ‘பிறந்த பின்னர்’ என்னும் இணைப்போடு புறநானூற்றுத் தொடர் சேர்க்கப்பட்டுள்ளது. குறளில் ‘ஒக்கும்’ என்பது முற்று. செய்யும் என்னும் வாய்பாடு பெயரெச்சமாகவும் வருமாதலின், புதிய தொடரில் அது ‘உயிர்’ என்பதற்கு அடையாகிவிடுகின்றது. வள்ளுவர் வலியுறுத்திக் கூறிய பிறப்புச் சமன்மை, இங்கு முன்னரே ஒப்புக்கொள்ளப்பட்ட செய்திபோல ஒதுங்கிவிடுகின்றது. பிறப்பால் தாழ்வு கற்பிக்கும் வழக்கம் ஒழியாத சமுதாயத்தில் இது சிறு மாற்றமன்று.

1999 சூலை 1 அன்று ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தொடக்க விழாவில் ஷீனா வெலிங்டன், மனிதர் யாவரும் நிகர் எனக் கூறும் ராபர்ட் பர்ன்சின் ஸ்காட்ஸ் மொழிப் பாடலைக் கருவியிசையின்றிப் பாடினார். இறுதியில் உறுப்பினர்களும் உடன்பாடினர். அங்கே அக்கருத்து அடையாகச் சுருங்கவில்லை. அதுவே பாட்டாக ஒலித்தது. கருவிகள் மிக்க பாடலிலும் அது இயலக்கூடியதே.

பல்லவியின் ‘ஆம்’ ஈறும் நோக்கத்தக்கது. செய்யுள் வழக்கில் அது ‘ஆகும்’ என்பதன் திரிபு. இன்றைய பேச்சுத்தமிழிலோ, பிறர் சொல்லக் கேட்டதனைக் குறிக்கும். தமிழ் செம்மொழி என்பதைப் பாடல் உறுதியாகக் கூறுகின்றதா, யாரோ சொன்னதாகக் கூறுகின்றதா என்னும் ஐயம் பேச்சுவழக்கை மட்டும் அறிந்தோர்க்கு எழக்கூடும்.