சாமி நாற்காலியை ஓங்கியபோது

கெவின் ஓவன்ஸின் கைகளைக் கயிற்றோடு சேர்த்து விலங்கு மாட்டியாகிவிட்டது. ரோமன் ரெய்ன்ஸ் ஓர் இரும்பு நாற்காலியைச் சாமி ஸெய்னிடம் நீட்டுகிறார். அடி என்பது உத்தரவு. ஓவன்ஸ், சாமியின் பல வருஷத்து நண்பர். சாமி நாற்காலியை ஓங்கி, ரெய்ன்ஸின் முதுகில் இறக்கினார்.

2023 ஜனவரி, ராயல் ரம்பிள். அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி. கம்போங் ராஜாவில் எங்களுக்கு ஞாயிறு மத்தியானம். தம்பியின் கைப்பேசியைச் சுற்றி நாலு பேர் கத்திய கத்தலில் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தார்.

"என்னடா ஆச்சு?"

"சாமி அடிச்சிட்டாரும்மா!"

அம்மா பூஜை மாடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாம் பேசி வச்சு ஆடுறதுதானே" என்பார் அப்பா. ஆமாம், பேசி வைத்ததுதான். அதனால்தான் அதை ஒரு கதையாக எடுத்துக்கொண்டு விமர்சிக்க முடிகிறது. ஒரு மல்யுத்தக் கோஷ்டி எதனால் ஜெயிக்கிறது? பலசாலிகளைக் கூட்டிச் சேர்ப்பதால் என்றால், என்.டபிள்யூ.ஓ. சரிந்திருக்கக் கூடாது. 1996 ஜூலையில் ஹல்க் ஹோகன் தன் ரசிகர்களைக் கைவிட்டு ஹால், நாஷ் பக்கம் போனபோது அது மூன்றே பேர். யாரை நம்புவது என்று தெரியாத அந்தப் பயம்தான் அதன் பலம். பிறகு வந்தவர் போனவர் எல்லாருக்கும் அந்தக் கறுப்புச் சட்டையைக் கொடுத்தார்கள். 1998இல் இரண்டாக உடைந்தது. எல்லாரும் உள்ளே வந்துவிட்டால், உள்ளே இருப்பதற்கு என்ன மதிப்பு?

பிளட்லைன் இதற்கு நேர்மாறு. அது ஒரு சமோவாக் குடும்பத்தின் கதை. 2020 அக்டோபரில் ரெய்ன்ஸ், உறவுக்காரனான ஜே உசோவைப் பணிய வைக்கிறார். ஜேயை அடித்து அல்ல. அவன் கண்முன்னே அவன் அண்ணன் ஜிம்மியின் கழுத்தை நெரித்து. ஜே 'விட்டுடறேன்' என்று சொன்ன அந்த நிமிஷத்தில்தான் கோஷ்டி பிறந்தது என்பேன். ரெய்ன்ஸ் 1,316 நாள் பட்டத்தை வைத்திருந்தார். ஆனால் அத்தனை நாளும் நாங்கள் பார்த்தது ஜேயின் முகத்தை.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை புதுசில்லை. கங்காணி ஊருக்குப் போய்ச் சொந்தபந்தத்தையே ஆள் சேர்த்துக் கூட்டி வருவார். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் காசு உண்டு. 1938இல் அந்த ஆள்சேர்ப்பு நின்றது. உறவும் கடனும் ஒரே ஆளின் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பது மட்டும் வீட்டுப் பேச்சில் தங்கிவிட்டது. 'நம்ம ஆளு' என்ற சொல்லுக்குள் பாசமும் இருக்கும், பிடியும் இருக்கும். ரெய்ன்ஸ் தன்னைக் குலத்தலைவன் என்று சொல்லும்போது எனக்குக் கேட்பது அந்தக் குரல்தான்.

சாமி அந்த ரத்தத்தில் வராதவர். சிரிக்க வைத்து, எடுபிடியாக நின்று, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தவர். 2022 நவம்பரில் ஓவன்ஸையே அடித்துத் தன் விசுவாசத்தைக் காட்டினார். அதுவரை அவரை ஏற்காத ஜே அன்றைக்குக் கட்டிப்பிடித்தான். ரத்தம் பெரிசா, விசுவாசம் பெரிசா?

'சார்பட்டா பரம்பரை'யும் (2021) இதே கேள்வியைத் தொடுகிறது. ரங்கன் வாத்தியார் மகன் வெற்றியை விட்டுக் கபிலனை நம்புகிறார். வெற்றியின் மனக்குறை படம் முழுக்க ஓடுகிறது. ரங்கனுக்குப் பரம்பரையின் மானம் மகனைவிடப் பெரிசு. ரெய்ன்ஸுக்கோ தானே பரம்பரை.

2024இல் சோலோ சிக்கோவா தலைமையில் வந்த புதுப் பிளட்லைன் ஏன் அவ்வளவு ஒட்டவில்லை என்பதற்கும் விடை இங்கே இருக்கிறது. ஜேக்கப் ஃபாட்டுவின் வேகம் பயங்கரம்தான். ஆனால் சோலோ 'அடி' என்றால் எல்லாரும் அடித்தார்கள். யாரும் தயங்கவில்லை. தயங்குகிற ஒருவன் இல்லாத கோஷ்டி வெறும் கும்பல்.

தம்பி பள்ளிக்கூடம் முடித்த வருஷம் அவனையும் ஒரு கோஷ்டி கூப்பிட்டது. 'நாங்க இருக்கோம்டா' என்றார்கள். அந்த வயசில் அதைவிட இனிப்பான வாக்கியம் கிடையாது. ஆறு மாசம் அவர்களோடு சுற்றினான். யாரை அடிக்கச் சொன்னார்கள், இவன் என்ன செய்தான் என்று இன்றுவரை சொன்னதில்லை. ஒருநாள் வீட்டுக்கு வந்தவன் திரும்பப் போகவில்லை. அவ்வளவுதான் தெரியும்.

அன்றைக்குச் சாமியின் அடியைப் பார்த்து நாங்கள் கத்தினோம். பிறகு ரெய்ன்ஸும் ஜிம்மியும் சோலோவும் சேர்ந்து சாமியைப் போட்டு அடித்தார்கள். ஜே மட்டும் கை வைக்கவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் மேடையை விட்டு இறங்கி நடந்தான். தம்பி கத்துவதை அப்போதுதான் நிறுத்தினான். அந்த இடத்தை மட்டும் பின்னால் தள்ளி மறுபடி பார்த்தான்.