பழைய வில்லுக்கு மதிப்பு எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பெரியன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் கோடைதோறும் மரபு வில்லாளர்கள் கூடுகிறார்கள். ஒருபுறம் இலக்குகளை நோக்கி அம்பெய்தல் நடக்கும். மறுபுறம் மேசைகளிலும் விரித்த போர்வைகளிலும் பழைய விற்கள் விலைக்குக் கிடக்கும். கப்பி வைத்த கம்பவுண்ட் வில்லுக்கு ஹோலெஸ் வில்பர் ஆலன் 1969-இல் காப்புரிமை பெற்றார். வேட்டைக்காரர்கள் அதற்கு மாறியதும் அவர்களுடைய பழைய விற்கள் பரண் ஏறின. இன்று போர்வையில் கிடப்பவற்றில் பல அப்படிப் பரணில் தூங்கியவைதான்.

சேகரிப்பவர் முதலில் மரபு அறிய வேண்டும். மூத்தது ஒற்றை மரத்தில் செதுக்கிய வில். யாஹி இனத்தின் கடைசி மனிதர் இஷியிடம் வில் வித்தை கற்ற மருத்துவர் சாக்ஸ்டன் போப், 1923-இல் எழுதிய நூலால் யூ மர வில்லுக்குப் புது வாழ்வு தந்தார். அடுத்தது ஹோவர்ட் ஹில் வழி. நேரான, ஒடுங்கிய நெடுவில். மூங்கில் படலங்கள் அவருக்குப் பிடித்தவை. 1938-இன் ராபின் ஹுட் படத்துக்காக அம்பெய்தவரும் இவரே. ஆர்கன்சாவின் பைன் பிளஃப் நகரில் பென் பியர்சன் விற்களைப் பெருமளவில் தயாரித்து எளியவர் கைக்கும் எட்டச் செய்தார். அவர் விற்களைச் சேகரிப்பாளர்கள் குறைத்து மதிப்பிடுவது நியாயமில்லை.

ஆனாலும் கூட்டங்களில் அதிகம் தேடப்படுபவை ஃபிரெட் பேர் செய்த விற்களே. மரப் படலங்களின் இருபுறமும் ஃபைபர் கிளாஸ் ஒட்டி, நுனிகளை முன்னோக்கி வளைத்த ரிகர்வ் விற்கள் அவை. கிரேலிங் ஊர் ஆலையில் செய்தவற்றுக்குத் தனி மவுசு. இவற்றில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வில்லின் வளையும் தண்டில் ‘கனடா 1953’ என்று அச்சிட்டிருக்கும். அது காப்புரிமை ஆண்டு. வில் பிறந்த ஆண்டு அல்ல. பதினைந்து ஆண்டு இளைய வில்லைக்கூட 1953 என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கே உண்மை தெரியாது. கைப்பிடியில் பதித்த காசைப் பாருங்கள். 1959-இல் அது செம்பு; பின்னர் அலுமினியம், நிக்கல் வெள்ளி எனப் பல உலோகங்கள் வந்தன. 1973 முதல் புடைத்த பிளாஸ்டிக். காசு பொய் சொல்வது அரிது.

ஆண்டைவிட முக்கியம் உடல்நிலை. நாணேற்றி, வில்லைக் கை நீட்டிப் பிடித்து, நாணுக்குப் பின்னிருந்து ஒரு கண்ணால் நோக்குங்கள். நாண் இரு தண்டுகளின் நடுவிலும் ஓட வேண்டும். ஒரு நுனியில் ஒதுங்கினால் தண்டு முறுகியிருக்கிறது. காலிடுக்கில் வைத்து வளைத்து நாணேற்றும் பழக்கமும் வெயிலில் நின்ற காரும் செய்யும் வேலை அது. பிறகு படலங்கள் சேரும் விளிம்பை நகத்தால் வருடுங்கள். நகம் சிக்கினால் ஒட்டு விட்டிருக்கலாம். எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வில்லை இழுக்கக் கூடாது. குறிகாட்டி மாட்டத் துளையிட்ட கைப்பிடி மதிப்பைக் குறைக்கும், எய்வதற்குத் தடையில்லை.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் பெரிய குற்றம் மெருகேற்றுவதுதான். உப்புக்காகிதம் தேய்த்துப் புது வார்னிஷ் பூசுபவர், மையால் எழுதிய இழுவிசை எண்ணையும் ஆலை முத்திரையையும் சேர்த்தே அழித்துவிடுகிறார். கீறல் ஒரு வேட்டைக்காரர் காட்டில் நடந்த தடம், அதை விட்டுவிடலாம். அழிந்த எண் திரும்ப வராது.

இந்த மலரை வாசிக்கும் உங்கள் கையில் அப்படியொரு வில் வந்தால், மென்துணியால் துடையுங்கள், நாணேற்றும் கயிறு கொண்டே நாணேற்றுங்கள். இன்றைய நீளாத வேக நாண்களைப் பூட்டாதீர்கள்; பழைய நுனிகள் அந்த அதிர்ச்சிக்காகச் செய்யப்பட்டவை அல்ல. டேக்ரான் நாண் போதும். அதைப் பூட்டி, எய்து பாருங்கள்.