யார் அடுக்கி வைத்த புத்தகம்?

பாடநூலைக் கட்டுடைத்தோம், சினிமாவைக் கட்டுடைத்தோம். சங்க இலக்கியத்தையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் இன்று நம்ம புள்ளைங்க ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து கேட்கிற பிரதி வேறு. அது செல்போனில் ஓடுகிற கணினி அறிவியல் வகுப்பு. அதை விமர்சனத்துக்குரிய பிரதியாக யாரும் எடுப்பதில்லை. 'அது டெக்னிக்கல், அதுல என்னப்பா சாதி' என்று ஒதுங்கிக்கொள்கிறோம். நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். ஆனாலும் ஒதுங்கக் கூடாது என்று எங்கள் மாலை வகுப்புப் புள்ளைங்களோடு சேர்ந்து இந்தப் பாடங்களைக் கேட்டேன். அதிலிருந்து வந்த வாசிப்பு இது.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். 2003இல் ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்பிடெல் தொடங்கின. ஹார்வர்டின் சி.எஸ்.50 பாடம் 2012 முதல் எட்எக்ஸ் தளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. 2020இல் சென்னை ஐ.ஐ.டி., ஜே.இ.இ. இல்லாமலே சேரக்கூடிய இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அம்பேத்கர் பள்ளிக்கூடத்தில் தனிக் கோணியில் உட்கார்ந்து படித்தவர். செல்போன் வகுப்பில் கோணி இல்லை, தண்ணிப்பானை இல்லை. 'நீ எந்தத் தெரு' என்று வாத்தியார் கேட்கவும் முடியாது. இது சின்ன விசயம் இல்லை. கேட்கப்பட்டவங்களுக்குத்தான் அதன் வலி தெரியும்.

இனி பிரதிக்கு வருவோம். சி.எஸ்.50இன் முதல் வகுப்பில் பேராசிரியர் டேவிட் மாலன் பல ஆண்டுகளாகச் செய்துகாட்டிய ஒன்று பேர்பெற்றது. தடித்த டெலிபோன் டைரக்டரியை நடுவில் திறப்பார். தேடும் பேர் எந்தப் பாதியில் இருக்கும் என்று பார்த்து, மற்றப் பாதியைக் கிழித்து வீசுவார். திரும்பவும் பாதி, திரும்பவும் கிழிப்பு. ஆயிரம் பேர் இருந்தாலும் பத்தே தடவையில் ஆள் அகப்பட்டுவிடுவார். பார்க்கிறவங்க மறக்க முடியாத பாடம். எனக்கும் பிடித்தது.

எங்க காலனியில் டெலிபோன் டைரக்டரியில் பேர் வந்த குடும்பம் கிடையாது. நம்ம பேரெல்லாம் ஒழுங்காக அச்சாகியிருப்பது வாக்காளர் பட்டியலில்தான். அதனால் அந்தப் பட்டியலை வைத்து இதைச் செய்துபார்த்தோம். நடுவில் பிரித்துக் கிழிக்கப் போனேன். எட்டாவது படிக்கிற புள்ள கையைப் பிடித்துக்கொண்டது. "அக்கா, கிழிக்காதீங்க. எங்கம்மா பேரு அந்தப் பாதியிலகூட இருக்கலாமுல்ல?"

அந்தப் புள்ள சொன்னதுதான் சரி. வாக்காளர் பட்டியல் தெரு வாரியாக, கதவு எண் வாரியாக இருப்பது. அகரவரிசையில் அடுக்காத பட்டியலைப் பாதியாகக் கிழித்தால் பேர்தான் தொலையும். அந்த மந்திரம் பலிப்பது முன்பே அடுக்கி வைத்த புத்தகத்தில் மட்டும். ஆயிரம் பேரை அடுக்க, நல்ல முறையில் செய்தாலும் ஒன்பதாயிரம், பத்தாயிரம் தடவை ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டாக வேண்டும். அந்த உழைப்பு நடந்து முடிந்த பிறகுதான் பத்து தடவைத் தேடல். மாலன் இதை ஒளிக்கவில்லை. அடுக்கும் முறைகளுக்கு அதே பாடத்தில் பின்னால் ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறார். ஆனால் நம் மனசில் நிற்பது கிழிக்கிற கை. அடுக்கின கை மறைந்துபோகிறது.

'தகுதி' என்ற சொல்லாடல் முழுக்க இந்த மறைப்பில்தான் நிற்கிறது. வீட்டில் ஆங்கிலம், தனி அறை, மடிக்கணினி, சந்தேகம் கேட்க கம்பெனியில் வேலை பார்க்கிற சித்தப்பா. தலைமுறை தலைமுறையாக அடுக்கி வைத்த வீட்டிலிருந்து வருகிறவன் பத்து தடவையில் முடிப்பான். அவனைக் 'கெட்டிக்காரன்' என்போம். 2017-18இன் தேசிய மாதிரி ஆய்வின்படி கணினி இருந்த கிராமப்புற வீடுகள் 4.4 விழுக்காடு. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தன் இணையப் பாடங்களில் சேர்ந்தவர்களை ஆய்ந்து 2013இல் வெளியிட்ட கணக்கும் இதையே காட்டியது. ஏறத்தாழ 83 விழுக்காட்டினர் முன்பே பட்டம் பெற்றவர்கள். இந்தியா, பிரேசில், சீனா போன்ற நாடுகளில் சேர்ந்தவர்களில் 80 விழுக்காட்டினர் அந்நாடுகளின் மேல்தட்டு 6 விழுக்காட்டைச் சேர்ந்தவர்கள். கதவைத் திறந்து வைத்தாயிற்று, உள்ளே போனது ஏற்கனவே உள்ளே இருந்தவன்தான்.

ஆபத்து இதோடு நிற்கவில்லை. 2013இல் அமெரிக்காவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத் தத்துவத் துறையினர், ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டலின் இணையப் பாடத்தைத் தங்கள் வகுப்பில் பயன்படுத்த மறுத்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். வசதியான பல்கலைக்கழகத்தில் நிஜமான வாத்தியார், மற்றவர்களுக்கு அவருடைய வீடியோ என்று இரண்டு வகுப்பு உண்டாகும் என்பது அவர்கள் அச்சம். நம் ஊரில் மொத்தப் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படிக்க யு.ஜி.சி. 2021இல் இடம் கொடுத்திருக்கிறது.

இதை நாம் நம் கணக்கில் படிக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் நூறு வாத்தியார் வேலை போட்டால் பட்டியல் சாதியாருக்கு 18 உண்டு. ஒரே வாத்தியாரின் வீடியோ நூறு கல்லூரியில் ஓடினால் அந்த 18 எங்கே? வீடியோவுக்கு இடஒதுக்கீடு கிடையாது. போவது வேலை மட்டுமா? தன் தெருவிலிருந்து வந்த ஒருத்தர் கரும்பலகை முன்னால் நிற்பதைப் பார்க்கும் வாய்ப்பும் நம்ம புள்ளைக்குப் போகிறது.

இந்தப் பாடங்களைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. புறக்கணித்தால் நஷ்டம் நமக்குத்தான். தனியாகக் கேட்காதீர்கள் என்கிறேன். பத்துப் பேர் கூடி ஒரு போனைச் சுற்றி உட்காருங்கள். புரியாத இடத்தில் நிறுத்துங்கள், நம்ம பேச்சில் திருப்பிச் சொல்லுங்கள். டைரக்டரிக்குப் பதில் வாக்காளர் பட்டியலையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் காலிப் பணியிடத்தைக் காட்டி 'வீடியோ இருக்கே' என்று சொன்னால், வீடியோவும் வேண்டும், வாத்தியாரும் வேண்டும் என்று சண்டை போடுங்கள்.

எங்கள் புள்ளைங்க அந்தப் பட்டியலை விடவில்லை. பேர்களைத் துண்டுச் சீட்டில் எழுதி, மூணு சாயங்காலம் தரையில் பரப்பி, சத்தம் போட்டுச் சண்டை பிடித்து அகரவரிசையில் அடுக்கினார்கள். நாலாம் நாள் அந்தப் புள்ள தன் அம்மா பேரை ஒன்பதாவது தடவையில் எடுத்துவிட்டது. ஒரு சீட்டைக்கூட கிழிக்கவில்லை.