ஃபயர்வாலுக்கு ஒரு ஸ்டெப்னி: 4ஜி பேக்கப் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

தெருமுனையில் ஜேசிபி வந்து நின்றாலே, ஃபைபர் இணைப்பை நம்பியிருக்கும் அலுவலகங்களுக்கு வயிற்றைக் கலக்கும். கேபிள் அறுந்தால் லைன்மேன் வந்து ஒட்டும்வரை ஆளுக்கொரு செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு ஓட்டுவோம். ஆனால் பில்லிங் சர்வரும், கிளை அலுவலகத்துக்குப் போகும் விபிஎன்னும் ஹாட்ஸ்பாட்டுக்கு வராது. அதற்குத்தான் ஃபயர்வாலிலேயே ஒரு சிம் இணைப்பைக் கட்டிவைப்பது. ஃபைபர் போனால் தானாகவே சிம்முக்கு மாறும், வந்தால் திரும்பிவிடும். சொல்வதற்கு இவ்வளவுதான். செட்டிங்கைத் தொடாமல் அப்படியே விட்டாலோ, மாற வேண்டியபோது மாறாது. போகக்கூடாததெல்லாம் சிம்மில் போய்விடும்.

சோதனைக்கு எடுத்தது நான்கு லேன் போர்ட் உள்ள, மின்விசிறி இல்லாத மினி பிசி. அதில் பிஎஃப்சென்ஸ் மென்பொருளின் இலவசப் பதிப்பு. 2004-ல் மோனோவால் என்ற திட்டத்திலிருந்து பிரிந்து வளர்ந்த இது, ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மேல் ஓடுகிறது. முதல் இணைப்பு ஃபைபர், இரண்டாவது 4ஜி.

டாங்கிளா, ரவுட்டரா?

சிம்மைச் சேர்க்க இரண்டு வழி. ஒன்று, யுஎஸ்பி டாங்கிளை ஃபயர்வாலிலேயே சொருகுவது. விலை குறைவு, இடமும் அடைக்காது. ஆனால் எல்லா மோடமும் ஃப்ரீபிஎஸ்டிக்குப் பிடிபடாது. வாங்குமுன் மாடல் எண்ணைத் தேடிப் பார்ப்பது அவசியம். அது சரியாக அமைந்தாலும் இடம் பிரச்சினை. சர்வர் ரேக் இருப்பது பெரும்பாலும் ஜன்னல் இல்லாத உள்ளறையில், இரும்புக் கதவுக்குப் பின்னால். அங்கே டவர் எடுக்காது.

மற்றது, சிம் போடும் தனி 4ஜி ரவுட்டரை வாங்கி, அதிலிருந்து லேன் கேபிளை ஃபயர்வாலின் இரண்டாவது வேன் (வெளி இணைப்பு) போர்ட்டுக்குக் கொண்டுவருவது. என் ஓட்டு இதற்குத்தான். ரவுட்டரை ஜன்னலோரம் வைக்கலாம். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். ஃபயர்வாலுக்கு இது இன்னொரு பிராட்பேண்ட் இணைப்பாகத்தான் தெரியும், டிரைவர் தொல்லையே கிடையாது. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் சிக்னல் வலிமையைச் சொல்லும் ஆர்எஸ்ஆர்பி என்ற அளவு இருக்கும். அது மைனஸ் 90-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 110-க்குக் கீழே போனால் இடத்தை மாற்றுங்கள். இரண்டடி நகர்த்தினாலே எண் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை: பிஎஃப்சென்ஸின் உள்பக்க முகவரி இயல்பாகவே 192.168.1.1. பல ஓஎன்டிகளும் (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) 4ஜி ரவுட்டர்களும் அதே முகவரியோடுதான் வருகின்றன. மூன்றுக்கும் வெவ்வேறு வரிசை கொடுத்த பிறகே கேபிளைச் சொருகுங்கள்.

எதைப் பிடுங்கிச் சோதிப்பது?

அமைப்பு எளிது. ரூட்டிங் பக்கத்தில் ஒரு கேட்வே குரூப் உருவாக்கி, ஃபைபருக்கு டயர் 1, சிம்முக்கு டயர் 2 என்று முன்னுரிமை கொடுக்க வேண்டும். பிறகு அந்தக் குரூப்பையே டீஃபால்ட் கேட்வேயாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

இனி சோதனை. ஃபயர்வாலின் வேன் கேபிளைப் பிடுங்கினால் உடனே சிம்முக்குத் தாவுகிறது. ஆனால் அது சோதனையே அல்ல. ஜேசிபி அறுப்பது அந்தக் கேபிளை அல்லவே. ஓஎன்டியில் சொருகியிருக்கும் ஃபைபரைக் கழற்றினேன். சிக்னல் போனதைக் காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னியது. ஆனால் ஃபயர்வால் பக்கமிருந்த லேன் விளக்கு பச்சையாகவே எரிந்தது. பிஎஃப்சென்ஸ் திரையிலும் ஃபைபர் ‘ஆன்லைன்’. எந்தக் கணினியிலும் இணையம் இல்லை.

மானிட்டர் ஐபி என்ற கட்டத்தைக் காலியாக விட்டால், ஃபயர்வால் தனக்கு அடுத்துள்ள பெட்டியை மட்டும் பிங் செய்து நலம் விசாரிக்கும். இங்கே அது ஓஎன்டி. ஓஎன்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே! அந்தக் கட்டத்தில் ஃபைபருக்கு 1.1.1.1, சிம்முக்கு 8.8.8.8 என்று வெளியுலக முகவரி கொடுத்த பிறகு ஃபைபரைக் கழற்றினால், கால் நிமிடத்துக்குள் சிம்முக்கு மாறிவிடுகிறது. இரண்டுக்கும் ஒரே முகவரி கொடுக்கக்கூடாது. ஒவ்வொரு முகவரிக்கும் போகும் பாதையை ஃபயர்வால் அந்தந்த இணைப்போடு கட்டிவிடும்.

அதென்ன கால் நிமிடம்? பிஎஃப்சென்ஸில் டிபிங்கர் என்ற நிரல் அரை விநாடிக்கு ஒரு பிங் அனுப்புகிறது. ஒரு நிமிடச் சராசரியைப் பார்க்கிறது. அதாவது 120 பிங். அதில் 20 சதவீதம், 24 பிங், தொலைந்தால்தான் இணைப்பு போய்விட்டதாக முடிவெடுக்கும். அதற்கு 12 விநாடி. பதில் வராது என்று தீர்மானிக்க 2 விநாடி. ஆக, சுமார் 14. திரும்பி வருவதற்கு இதே கணக்கு தலைகீழ்: 80 சதவீதம் பதில் கிடைக்க 48 விநாடி. இந்தத் தாமதம் நல்லதுதான். விட்டுவிட்டு வரும் ஃபைபருக்கெல்லாம் ஃபயர்வால் அங்குமிங்கும் தாவிக்கொண்டிருக்காது.

மாறும் தருணத்தில் பிரௌசர் சற்றுத் திணறிவிட்டு ஓடுகிறது. வீடியோ கால் அறுந்து மறுபடி சேர்கிறது. வெளிமுகவரி மாறிவிடுவதால் வங்கித் தளங்கள் வெளியேற்றிவிடலாம். ஃபைபர் திரும்பியபின் புதிய இணைப்புகள் மட்டும்தான் அதில் போகும். நீண்ட நேரம் ஓடும் பழையவை சிம்மிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். புதிய பதிப்புகளில் அவற்றைத் துண்டித்துவிடும் வசதி உண்டு, அதை இயக்கிவையுங்கள்.

டேட்டாவை யார் தின்கிறார்கள்?

சும்மா இருக்கும்போதே சிம் கொஞ்சம் செலவழிக்கும். போகவர 58 பைட், நாளுக்கு 1,72,800 பிங்; ஏறக்குறைய 10 எம்பி. தினம் ஒன்றரை ஜிபி தரும் திட்டத்தில் இது தூசு. குறைந்த டேட்டா உள்ள, இயந்திரங்களுக்கான எம்டூஎம் சிம்மில் மாதம் 300 எம்பி என்பது உறைக்கும். பிங் இடைவெளியை 5 விநாடியாக்கினால் பத்தில் ஒரு பங்காகும். சராசரி பார்க்கும் நேரத்தையும் கூட்டிவிடுங்கள்.

பெருந்தீனிக்காரர்கள் வேறு: க்ளவுடில் பதிவேற்றும் சிசிடிவி, விண்டோஸ் அப்டேட், இரவு பேக்கப். சிசிடிவிக்கு ‘ஃபைபரில் மட்டும் போ’ என்று ஒரு விதி எழுதினால் முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. ஒரு விதியில் சொன்ன கேட்வே செத்தால், பிஎஃப்சென்ஸ் இயல்பாக அந்த விதியிலிருந்து கேட்வேயை மட்டும் நீக்கிவிட்டு மீதியை வைத்துக்கொள்கிறது. கேமரா ஜோராகச் சிம்மில் ஓடும். அட்வான்ஸ்டு பக்கத்தில், கேட்வே இல்லாதபோது விதியையே உருவாக்காதே என்ற பெட்டியை டிக் செய்யவேண்டும். கூடவே, அந்த விதிக்குக் கீழே கேமராவைத் தடுக்கும் விதி ஒன்றும் வேண்டும். இல்லாவிட்டால் அதற்கடுத்த பொது அனுமதி விதி அதை வெளியே விட்டுவிடும்.

எங்கே கைவிரிக்கும்?

மொபைல் சிம்மில் பொதுவாக உங்களுக்கென்று தனிப் பொது ஐபி கிடைக்காது. பலரும் ஒரே முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். அதனால் வெளியிலிருந்து அலுவலகத்துக்குள் வரும் விபிஎன், கேமரா பார்வை எல்லாம் பேக்கப் நேரத்தில் வேலை செய்யாது. வெளியே ஒரு வாடகைச் சர்வர் எடுத்து, அலுவலகத்திலிருந்து அதற்கு வயர்கார்டு விபிஎன் இணைப்பு போட்டுவைத்தால் இதைச் சமாளிக்கலாம்.

ஃபைபர் தரும் அதே நிறுவனத்தின் சிம்மை வாங்காதீர்கள். டவருக்குப் போகும் ஃபைபரும் அதே பள்ளத்தில் கிடந்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். ஃபயர்வால், ஓஎன்டி, 4ஜி ரவுட்டர் மூன்றும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் செல்போன் சேவையே பல இடங்களில் படுத்துவிட்டது. அப்படிப்பட்ட நாளுக்கு இது மருந்தல்ல.

தீர்ப்பு

பத்திருபது பேர் உள்ள அலுவலகம், கிளினிக், பல்பொருள் அங்காடி ஆகியவற்றுக்கு இது தாராளமாகப் போதும். நெட்வொர்க் தெரிந்த ஒருவர் கைவசம் இருந்தால் பிஎஃப்சென்ஸோடு தனி 4ஜி ரவுட்டரே சிக்கனம். அப்படி ஆள் இல்லாதவர்கள் சிஸ்கோ மெராக்கி எம்எக்ஸ்67சி போல, சிம் துளை பெட்டியிலேயே உள்ளதைப் பார்க்கலாம். லைசென்ஸ் சந்தாவையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாளாக வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு இத்தனை ஏற்பாடு வேண்டாம், செல்போன் ஹாட்ஸ்பாட்டே போதும். எதை வாங்கினாலும் மாதம் ஒருமுறை ஓஎன்டியிலிருந்து ஃபைபரைக் கழற்றிப் பாருங்கள். ரீசார்ஜ் தீர்ந்த சிம் அப்போதே தெரிந்துவிடும்.