முக்கூடற்பள்ளில் கணக்கும் நம்பிக்கையும்

பள்ளு நூல்களுள் முதன்மை பெற்றது முக்கூடற்பள்ளு என்பது அறிஞர் பலர்க்கும் ஒப்ப முடிந்தது. நெல்லைச் சீமையில் தண்பொருநையும் சிற்றாறும் கூடுமிடத்தைக் களனாகக் கொண்ட இந்நூலின் ஆசிரியர் பெயர் தெரிந்திலது. இதன் நகைச்சுவை, உழவர் வாழ்வைக் காட்டும் திறம், சைவ வைணவ ஏசல் ஆகியவை பற்றி ஆய்வுகள் பல எழுந்துள. நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது வேறொரு வினா. பண்ணையின் பொருள்பற்றிய முடிவுகளில் யார் சொல் நம்பப்படுகின்றது? எந்த அளவிற்கு நம்பப்படுகின்றது?

கதைப்போக்கு யாவரும் அறிந்ததே. அழகக்குடும்பனுக்கு மனைவியர் இருவர். மூத்தவள் முக்கூடலைச் சார்ந்தவள், இளையவள் மருதூரைச் சார்ந்தவள். குடும்பன் இளையவள் வயப்பட்டுப் பண்ணைவேலையை மறக்கின்றான். மூத்தவள் பண்ணைக்காரனிடம் முறையிடுகின்றாள். குடும்பன் தொழுவில் மாட்டப்படுகின்றான். பின்னர் அவளே இரந்து அவனை விடுவிக்கின்றாள். விடுபட்டவன் விதை முதலியவற்றிற்குக் கணக்கு உரைக்கின்றான், உழவு தொடங்குகின்றது.

இந்நிகழ்ச்சிகளை நிரல்படுத்தி நோக்கின் ஓர் உண்மை புலனாகும். மூத்தவளின் சொல் இருமுறை ஏற்கப்படுகின்றது. முதன்முறை அது சான்றாகின்றது. அதனைக் கேட்டே பண்ணைக்காரன் தண்டிக்கின்றான். இரண்டாம் முறை அது பிணைபோல் நிற்கின்றது. அதனைக் கேட்டே அவன் தண்டத்தை நீக்குகின்றான். ஆயின் கணக்குக் கேட்கும் இடத்தில் அழைக்கப்படுபவன் குடும்பனே. சித்திரக்காலி, மணல்வாரி, சீரகச்சம்பா என விதைவகைகளை எடுத்துரைக்கும் பொறுப்பு, சற்றுமுன் பொய்யனெனத் தண்டிக்கப்பட்ட அவனுக்கே மீள்கின்றது. ஒருவர் சொல்லை மெய்யெனக் கொள்ளுதல் வேறு; ஒருவரிடம் பொருளை ஒப்படைத்தல் வேறு. பெண்ணுக்கு முன்னது உண்டு, பின்னது இல்லை. பள்ளு காட்டும் பண்ணையின் நம்பிக்கை இவ்வாறு இரண்டாகப் பிளந்து கிடக்கின்றது.

மூத்தவளின் முறையீடு பொறாமையில் பிறந்ததேயன்றிப் பண்ணைநலம் பற்றியதன்று எனச் சிலர் கூறலாம். பொறாமை இல்லையென்று நாமும் கூறோம். எனினும் அவள் முறையிடுவது ஊரார் முன்னோ உறவினர் முன்னோ அன்று; பண்ணையை நடத்துவோன் முன் ஆகும். அவனும் அதனை மனைவழக்காகக் கருதி விலக்கவில்லை. வேலை கெட்டதற்குரிய ஒறுப்பையே விதிக்கின்றான். ஆகவே நெஞ்சின் நோவும் நிலத்தின் இழப்பும் அவள் சொல்லில் ஒன்றாய் நிற்கின்றன என்பதே பொருந்தும்.

ஏசல் அமைந்துள்ள இடமும் இக்கருத்துக்கு அரண் செய்கின்றது. இரு மனைவியரும் ஒருவரையொருவர் பழித்து, அவ்வழியே திருமாலையும் சிவனையும் பழிக்கும் பகுதி நூலின் தொடக்கத்தில் வரவில்லை. நெல் அளந்து, மூத்தவள் மீண்டும் முறையிட்ட பின்னரே வருகின்றது. சமயப்பூசலாகவும் சக்களத்திப் பூசலாகவும் மட்டும் இதனைக் கொள்வார் இவ்வடைவை நோக்கினாரல்லர். நாற்று நட்ட கைகள் களத்துநெல்லின் பங்கீட்டில் கலவாதபோது, எஞ்சியிருப்பது வாய் ஒன்றே. ஒப்படைக்கும் உரிமையுடையோன் ஆடவன் ஒருவனாக, அவன் அன்பைப் பெறுவதே பொருளைப் பெறும் வழியாகின்றது. இருவர் பூசலுக்கும் வேர் இதுவே.

பாட்டியலார் இவ்விலக்கிய வகையை உழத்திப்பாட்டு என்பர். பெயர் உழத்தியது, கணக்கோ உழவனது. இம்முரண் ஏட்டோடு ஒழிந்ததன்று. பெண்மக்களுக்கும் மூதாதையர் சொத்தில் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-இலும், இந்து வாரிசுரிமைச் சட்டத்திருத்தத்தால் இந்தியா முழுமைக்கும் 2005-இலும் வழங்கப்பெற்றது. எனினும் 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பில், நிலத்தைப் பொறுப்பேற்று நடத்துவோருள் பெண்கள் ஏறத்தாழ 14 விழுக்காட்டினரே. நடவிலும் களையெடுப்பிலும் அவர்தம் உழைப்பு இதனினும் மிகப் பெரிது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

பள்ளு நூலாசிரியர் இதனைக் குறையென எடுத்துரைத்தாரல்லர். அவர் கருதியது நகையே. ஆயினும் தாம் கண்டதை மறையாது பாடிய புலவர், தாம் கருதாததையும் நமக்குக் காட்டிச் செல்கின்றார். ஏனைய பள்ளு நூல்களிலும் கணக்கு யார் வாயினின்று வருகின்றது, முறையீடு எவ்விடத்து அமைகின்றது என்பவற்றை ஒப்பிட்டு ஆராயின், இவ்விலக்கிய வகையின் பொருளியற் பின்புலம் மேலும் தெளிவுறும் என்பது நம் துணிபு.